முகம் மட்டும் என்னுது

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் மூட்டைகளை இறக்கி முடிக்கும்வரை காத்திருந்து, தவமலர் சொன்னாள். "இன்னிக்கு உங்க போனுக்கு ஒரு படம் வரலாம். மூஞ்சி மட்டும் என்னுது. ஒடம்பு என்னுது இல்ல. வந்தா தொறக்காம அழிச்சிடுங்க."

முந்தின நாள்தான் அந்தப் படம் அவளுக்கு வந்திருந்தது. கோயில் திருவிழாவில் எடுத்து முகநூலில் போட்ட படத்திலிருந்து முகத்தை வெட்டி, யாரோ ஒருத்தியின் துணியில்லாத உடம்பில் ஒட்டியிருந்தார்கள். பணம் போடாவிட்டால் மறுநாளே தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போகும் என்று மலாய் மொழியில் மிரட்டல். பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் ஒருத்தி இப்படிப் பயந்து பணம் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அது தவமலருக்குத் தெரியும். அவள் கொடுக்கவில்லை. மிரட்டலை அப்படியே படமெடுத்து வைத்துக்கொண்டு, கணவன் குணாளனின் மோட்டார் சைக்கிளில் பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்ப் போலீஸில் ரிப்போர்ட் செய்தாள். பதில் போடாதே, பணம் கட்டாதே என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். திரும்பும் வழியில் குணாளன், "நீ பயப்படாத லா. நான் இருக்கேன்ல," என்றான். அந்தத் தைரியத்தில்தான் கொட்டகையில் வாய் திறந்தாள்.

தவமலர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து வெட்டும் பாஞ்சாலைதான் கத்தரியைத் துடைத்தபடி கேட்டாள். "உன்னுது இல்லன்னா எதுக்குப் புள்ள முன்கூட்டியே சொல்ற?"

தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது போன்கள் ஒவ்வொன்றாகச் சிணுங்கின. அவள் அழிக்கச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது. பார்த்துவிட்டு அழித்தார்கள். ஒருத்தி, போன் கொண்டுவராதவளுக்குக் காட்டிவிட்டு அழித்தாள். பாஞ்சாலை நிமிர்ந்து, தவமலரைக் கழுத்திலிருந்து இடுப்புவரை நிதானமாகப் பார்த்தாள். மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தும் தவமலருக்குக் குளிரெடுத்தது.

மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது குணாளன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒங்களுக்கும் வந்துருச்சா?"

"ம்."

"அழிச்சிட்டீங்களா?"

தவமலர் பூட்ஸைக் கழற்றாமலே அவன் பின்னால் போய் நின்றாள்.

அவன் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். இடது தோளுக்குக் கீழே இரண்டு விரல்களால் விரித்தான், நகர்த்தினான், மறுபடியும் விரித்தான். தவமலருக்கு அந்த இடத்தில் ஒரு மச்சம் உண்டு. படம் கலங்கிச் சதுரம் சதுரமாக உடைந்தது. அவன் போனைக் கண்ணருகே கொண்டுபோனான்.