ஒற்று விட்டுப்போன உரை

"மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வானொலி நிலையத்துக்கு அனுப்பிய கடிதத்தில் 'எதிர்க்கட்சி' என்ற சொல்லில் 'க்' விட்டுப்போயிற்று. நகலை நான்கு முறை படித்தேன். வேறு பிழை இல்லை என்று நினைக்கிறேன்."

இதை எழுதிவிட்டுச் சுகந்தி மாலை வகுப்புக்குப் போனாள். பிழைதிருத்தும் வகுப்பு. அன்றைய பாடம் ஒற்று மிகும் இடங்கள்.

பகலில் அவளுக்கு எதிர்க்கட்சி அலுவலகத்தில் தட்டச்சு வேலை. தலைவர் மாசிலாமணி புதன்தோறும் மாலை ஆறு பத்துக்கு வானொலியில் ஏழு நிமிடம் பேசுவார். ஆளுங்கட்சி திங்களன்று சொன்னதற்கு அது பதில். மக்கள் பாத்திரங்களைக் கவிழ்த்துவைத்து, அவற்றின் வழியே கேட்பார்கள். ஒரு வாரம் பேசாவிட்டால் எதிர்க்கட்சி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அது விதி.

புதன்கிழமை தலைவர் சுகந்தியோடு நிலையத்தின் முன்கூடத்தில் காத்திருந்தார். கடிதத்தில் 'எதிர் கட்சி உரை' என்று இருந்தது. ஊழியர்கள் அதன்படியே மைக்கைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, எதிரிலிருந்த இஸ்திரிக் கடையில் வைத்தார்கள்.

ஐந்தரை மணிக்குத் தலைவரின் தலை ஆடத் தொடங்கியது. மேலும் கீழுமாக. வேட்டிக் கரை ஓர் அங்குலம் ஆளுங்கட்சி நிறத்துக்கு மாறியிருந்தது.

"என்னம்மா இது? நான் ஆமான்னு சொல்லல. அதுவா ஆடுது."

"ஒரு 'க்' விட்டுட்டேன் ஐயா."

"ஒரு 'க்'தானே. போய்ப் போட்டுட்டு வா."

சுகந்தி ஒரு தாளில் 'க்' என்று எழுதி மடித்து எடுத்துக்கொண்டாள். நடைகூடம் நடக்க நடக்க நீண்டது. இருநூற்றுப் பன்னிரண்டாவது அடியில் அதிகாரி நாகரத்தினம் அம்மாளின் மேசை இருந்தது.

"தனியாவா வந்திருக்கு?" என்றார் அவர், தாளைப் பார்த்து.

"ஆமா மேடம்."

"மெய்யெழுத்தைத் தனியா வாங்க மாட்டோம். உயிர் கூட வந்து கையெழுத்துப் போடணும்."

"உயிர் எங்க இருக்கு?"

"லீவு. வெள்ளிக்கிழமை வரும்."

சுகந்தி யோசித்தாள். "தலைவரை எதிர்ல கூட்டிட்டுப் போனா?"

"எதிர்ல இருந்தா சரி. கடிதத்துலயும் அப்படித்தானே இருக்கு."

திரும்பி வரப் பதினோரு அடிதான் இருந்தது. அவள் தலைவரின் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தாள். செய்வது சரியா என்ற சந்தேகமே அவளுக்கு அப்போது வரவில்லை.

இஸ்திரிக் கடைக்காரர் துரைக்கண்ணு பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பேச வந்திருக்கேன்," என்றார் தலைவர்.

"மைக் என் கடைக்குத்தானே வந்துச்சு. எனக்கும் பேச இருக்கு."

"உனக்கு என்னப்பா பேசத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் தலை இப்படி ஆடுதாக்கும்."

மணி ஆறு பத்து. சிவப்பு விளக்கு எரிந்தது. சுகந்தி மைக்கை இஸ்திரி மேசையின் நடுவில் வைத்தாள். தலைவரை மேசைக்கு மறுபுறம் உட்காரவைத்தாள்.

"எங்க தெருவுல பதினோரு நாளா தண்ணி இல்ல," என்றார் துரைக்கண்ணு. "வீட்டுக்கு வீடு வருதுன்னு திங்கக்கிழமை சொன்னாங்க. வருதா?"

தலைவரின் தலை ஆமாம் என்று ஆடியது. அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்தார். நிற்கவில்லை. கரை இன்னும் இரண்டு அங்குலம் மாறியது.

"முன்னூறு வாரமாப் பேசறேன்," என்றார் மெதுவாக. "என்கிட்ட யாரும் கேள்வி கேட்டதில்ல."

"இப்பக் கேக்கறேன். வருதா, வரலையா?"

"நான் போய்ப் பாக்கலையே."

"நான் பாத்தேன்ல. தெனம் பாக்கறேன்."

ஆறு நிமிடம் போய்விட்டது. தலைவர் துரைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார். தலை நின்றது. பிறகு இடவலமாக ஒருமுறை அசைந்தது.

"வரல," என்றார்.

ஊர் முழுக்கக் கவிழ்ந்திருந்த காலிக் குடங்கள் "வரல" என்றன.

விளக்கு அணைந்தது. வேட்டிக் கரை மூன்று அங்குலத்தோடு நின்றிருந்தது. துரைக்கண்ணு அடுத்த சட்டையை எடுத்தார். சுகந்தி நாட்குறிப்பைத் திறந்து எழுதினாள்:

"நாளை, வியாழன். காலை ஆறு மணிக்குத் தலைவரைத் துரைக்கண்ணுவின் தெருவுக்கு அழைத்துப்போய், குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட வேண்டும்."