ஸ்வாதியின் வேண்டுதல்

வலது காலை இரண்டு படிக்கு மேலே வைத்து, இடது முட்டி கீழ்ப்படியைத் தொடும்வரை உடம்பை இறக்கி, ஸ்வாதி கண்ணை மூடினாள். தொடை நெருப்பாய் எரிந்தது. உதடு முணுமுணுத்தது. எண்ணிக்கைதான். பண்பொழி திருமலைக்கோயில் படியில் அதை மந்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டு மாடியில் குதித்தபோது, கூரைச் சுண்ணாம்பு சாம்பாரில் விழுகிறதென்று கீழ்வீட்டு சண்முகநாதன் அண்ணாச்சி தட்டோடு ஏறி வந்து நின்றார். தென்காசி ஜிம்மில் எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் ஆண்கள். கோயில் படி ஏறினால் யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். யாரும் கேட்கத்தான் இல்லை. வேண்டுதல் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். பூக்காரி காசு வாங்க மறுத்தாள். குற்றாலத்தில் குளித்து ஈரத்துண்டோடு வந்த வேன் கூட்டம் அவள் கடந்து போகும்வரை ஒதுங்கி நின்றது. குரங்குகள்கூட அவள் பையைத் தொடுவதில்லை என்றார்கள். பையில் தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருந்தது. அவள் பேச்சை விட்டு வருடக்கணக்காகிறது, காற்றைத்தான் குடிக்கிறாள் என்ற செய்தி செங்கோட்டையைத் தாண்டி மலையாள தேசத்துக்குப் போனது. அங்கே போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வயது எழுபது.

உண்மையில் வேண்டிக்கொண்டவன் அவளுக்கு நிச்சயித்த மாரிராஜ். ராணுவத்தில் இருக்கிறான், ஆவணியில் கல்யாணம். நிச்சயதார்த்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "பின்பக்கமும் தொடையும் கொஞ்சம் கொறைச்சா நல்லாருக்கும். நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்று எழுதியிருந்தான். கூடவே பயிற்சி வீடியோக்கள். அவள் செய்வதையும் தினமும் எடுத்து அனுப்ப வேண்டும். குறையாவிட்டால் என்ன என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான், அவள் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கூட வந்து உட்கார்ந்தது. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். மாலையும் பட்டுமாக நிற்கிறவள் யாரோ போல இருக்கும். இடுப்புக்குக் கீழே மட்டும் தன்னுடையது.

இன்றைக்கும் போனை ஒரு படியில் சாய்த்து, வீடியோ எடுக்க விட்டுத்தான் ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு முனகல் கேட்டது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவளைப் போலவே முட்டியை இறக்கினாள். இறக்கினாள் என்பதைவிட விழுந்தாள் என்பதே சரி. தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது.

"எம்மா, எந்திரிங்க. என்ன பண்ணுதிய?"

"நீ பேசிட்டியே தாயி" என்று பதறினாள் அவள். "வெரதம் என்னாவது?"

வாசுதேவநல்லூர்க்காரி, பெயர் தங்கத்தாய். மகன் இசக்கிமணி தென்னையிலிருந்து விழுந்து, ஆய்க்குடி மறுவாழ்வு மையத்தில் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறான். காலை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி அங்குள்ளவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே வந்தேன் என்றாள்.

"இது வேண்டுதல் இல்லம்மா. காலு பெருசா இருக்குன்னு மாப்ளை சொன்னாவ. அது கொறையதுக்குச் செய்யுதேன்." சொல்லிவிட்டு, ஸ்வாதி அறை வாங்கத் தயாராக நின்றாள்.

தங்கத்தாய் சந்தையில் மாடு பார்க்கிற நிதானத்தோடு அவள் காலை மேலும் கீழும் பார்த்தாள்.

"எம் மவன் காலு ரெண்டும் என் மொளங்கைத் தண்டிதான் இருக்கு. ஒம் மாப்ளைக்குப் பிடிக்கும்."

ஸ்வாதிக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னவளும் சிரிக்கவில்லை.

"நா சொன்னது வெளங்குச்சா? இப்படி ஏறுனா முருகன் ஒண்ணும் தரமாட்டாரு."

"ஒனக்குத் தரமாட்டாரு. நீ கேக்கது அப்படி." தங்கத்தாய் அடுத்த படியில் கையை ஊன்றினாள். "முட்டிய எங்கன வைக்கணும்னு மட்டும் சொல்லு."

மலையில் சாரல் இறங்கிக்கொண்டிருந்தது.

"முட்டி கால்வெரலத் தாண்டக் கூடாது" என்றாள் ஸ்வாதி. அந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் தானும் முட்டியை இறக்கினாள். தங்கத்தாயின் பாரம் முழுக்க அவள் தொடையில் வந்து உட்கார்ந்தது. தொடை எரிந்தது, அசையவில்லை.

கீழே போன் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. யாரோ அதன் முன்னால் ஒரு செவ்வரளிப்பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.