கேப்டன் வீட்டு உத்திரம்

வழிகாட்டி ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் ஆறு பேர் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். ஏழாவது ஆள் சுற்றுலாத் துறை அதிகாரி. அவர் மட்டும் அரசாங்க நடையில் வந்தார்.

“இந்தச் சந்து ஏன் இப்படி வளையுது தெரியுமா? கடல் காத்து நேரா உள்ள வந்துடக் கூடாதுன்னுதான். வாங்க, வாங்க. கட்டடம் எங்கயும் போயிடாது, மீன் ஆறிடும்.”

மீனே இல்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். துறைமுகத்து மீன்கடைக்காரர், மகளுக்குப் பிரசவ வலி என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டார். ‘கட்டடமும் சாப்பாடும்’ என்று விளம்பரம் செய்து நடத்தும் நடைச் சுற்றுலா இது. சாப்பாடு இல்லையென்றால் உரிமம் புதுப்பிக்கப்படாது. சொந்தக்காரர்களிடம் கூட்டிப்போனால் உரிமமே ரத்து. போன மாதம் ஒரு வழிகாட்டி சித்தப்பாவின் டீக்கடைக்குக் கூட்டிப்போய் மாட்டிக்கொண்டார். இப்போது அதே கடையில் கிளாஸ் கழுவுகிறார்.

சுங்க அலுவலக வளைவை எல்லோரும் அண்ணாந்து பார்த்த நேரத்தில், தூண் மறைவில் போனை எடுத்தார். “ஏழு பேரு. இருக்கிற மீனைப் பொரிச்சாப் போதும்.”

அடுத்த தெருவில் மஞ்சள் வீடு. உப்புக்காற்று அரித்த சுவர், கடலைப் பார்த்த மர பால்கனி.

“கப்பல் கேப்டன் வீடு. அவர் போய் நூறு வருஷம் ஆச்சு. மாடியில இன்னும் இருமல் கேக்குதும்பாங்க.”

வழக்கமாகத் தெருவிலேயே நின்று சொல்கிற கதை. இன்று கதவைத் தட்டினார். கையில் கரண்டியோடு ஒரு பெண் திறந்தாள்.

“வெளியூர்க்காரங்கம்மா. பசியோட வந்திருக்காங்க.”

“சத்திரம்னு போர்டு மாட்டியிருக்கா?” என்றாள். பிறகு வழிவிட்டாள்.

வாசல் உத்திரம் தாழ்வு. அதிகாரி நெற்றியில் இடி வாங்கினார். பின்னால் வந்த ஆறு பேரும் வரிசையாக வாங்கினார்கள். வழிகாட்டி மட்டும் அவர்களைப் பார்த்துப் பேசியபடியே பின்பக்கமாக நடந்து, சரியான இடத்தில் குனிந்து நிமிர்ந்தார். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு விளக்கையும் போட்டார்.

“சுவிட்ச் அங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?” என்றார் அதிகாரி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

“பழைய வீடுன்னா அங்கதான் சார் வைப்பாங்க.”

“கேப்டன் காலத்துல கரன்ட் ஏது?”

“முன்யோசனைக்காரர் சார்.”

மீன் வந்தது. ஓரம் மொறுமொறுவென்று, பூண்டு மணக்க. அதிகாரி மூன்று துண்டு தின்றார். பிறகு இடது கையால் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

“உரிமத்தைப் புதுப்பிக்கலாம்.”

மாடியில் யாரோ இருமினார்கள்.

தட்டுகளில் கைகள் நின்றன. படியில் செருப்புச் சத்தம். பனியனோடு ஒரு பெரியவர் பாதிப் படி இறங்கி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வழிகாட்டியைப் பார்த்தார்.

“ஏன் மாப்பிள்ளை, காலையில மோட்டார் போடாமயே கிளம்பிட்டீங்களா? மேல சொட்டுத் தண்ணி இல்ல.”

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். தட்டைக் கீழே வைக்கவில்லை.