காதும் விரலும் ஒரே கட்டத்தில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுத உட்காரவில்லை. சுருக்கிச் சேமித்த புகைப்படத்தைத் தரம் குறையாமல் வெட்டுவது எப்படி என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பத்தியில் ஒரு பெண் உள்ளே வந்து, "இந்தப் படத்துலேர்ந்து என்னை எடுத்துடும்மா" என்றாள். கட்டுரை அத்தோடு படுத்துவிட்டது.

2

காஞ்சிபுரத்துக் கோபுரங்களின் மேல் மாலை வெயில்... (வேண்டாம். இதைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.)

2004. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோ. (சரி, இது போதும்.)

அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவள் சுகாசினி. வந்தவள் ஐயம்பேட்டை ரேணுகாம்பாள். அவள் கணவன் இளங்கோவன் இறந்துவிட்டான், நாளைக்குக் காரியம். மாலை போடப் படம் வேண்டும். அவன் சிரித்திருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் நண்பன் ஈமெயிலில் அனுப்பியது. அதில் இவளும் இடப்பக்கத்தில் நின்று அவன் தோளில் கை வைத்திருக்கிறாள். உயிரோடு இருப்பவர் உள்ள படத்துக்கு மாலை போடக்கூடாது என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள்.

3

சுகாசினி வெட்டினாள், சேமித்தாள். சரியில்லை என்று அதையே மறுபடி வெட்டிச் சேமித்தாள். ஒவ்வொரு தடவையும் படத்தில் அவன் முகம் கொஞ்சம் கலங்கியது. பயந்துபோய் ஈமெயிலிலிருந்து திரும்ப இறக்கி, தரம் கெடாமல் வெட்டும் சாப்ட்வேரைத் திறந்தாள். அது நினைத்த இடத்தில் வெட்டாது.*

(* இந்த வகைப் படம் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாகச் சுருங்கியிருக்கும். இடப்பக்க வெட்டு ஒரு கட்டத்தின் ஓரத்தில்தான் விழ வேண்டும். என் கட்டுரையில் மிஞ்சியது இவ்வளவுதான்.)

அவன் காது நுனியும் தோளில் இருக்கும் இவள் விரலும் மேலும் கீழுமாக ஒரே கட்ட வரிசையில் இருந்தன. விரல் போனால் காதும் போகும். காது இருந்தால் விரலும் இருக்கும்.

4

விரலை மாலை மறைத்துவிடாதா என்பீர்கள். மாலை வாடினால் எடுத்துவிடுவார்களே.

தரம் குறையாத வேறு வடிவத்தில் சேமித்து, விரலை மட்டும் அழித்துவிடலாம். எனக்குத் தெரியும், சுகாசினிக்குத் தெரியாது. இதுதான் என்னைப் படுத்துகிறது. ஒரு வரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் மாமியாருக்கும் நிம்மதி, கதையும் முடிந்தது. அந்த வரியை எழுதியும் பார்த்தேன்:

அப்போது சுகாசினிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது,

(அடித்துவிட்டேன். ஏன் என்று எனக்கே தெளிவாக இல்லை. ரேணுகாம்பாள் முகத்தைப் பார்த்தபின் கை வரவில்லை.)

5

சுகாசினி இரண்டு விதமாகவும் வெட்டித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எது வேணும்க்கா என்று கேட்டாள். ரேணுகாம்பாள் காது இல்லாததைப் பார்க்கவே இல்லை. மற்றதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு என் பொட்ட எடுத்துடுவாங்க, பூவ எடுத்துடுவாங்க," என்றாள். "இங்க மட்டுந்தான் நான் அவரத் தொட்டுக்கினு இருக்கேன். இதையும் எடுத்துடணுமாம்மா?"

சுகாசினி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் உங்களைப் பார்க்கிறேன். வேறு யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வரியை நீங்கள் முடியுங்கள்:

சுகாசினி மவுஸை எடுத்து,