இரவல் நகையும் மெட்ராஸ் நிதியும்

நான் என் ஆயுசுல செஞ்ச முட்டாள்தனத்தை எல்லாம் வரிசையில நிப்பாட்டினா, சங்கரன்கோவில்ல எண்பத்து மூணாம் வருஷம் செஞ்சதுதான் முன்னால நிக்கும். நினைச்சா இப்பவும் எனக்கு என் மேலேயே கோவம் வருது. கோவத்துக்குப் பின்னாலேயே சிரிப்பும் வருது. அந்த நாளு ஒருக்க திரும்பி வராதான்னு ஏக்கமாவும் இருக்கு, மறைச்சு என்ன செய்ய?

என் பேரு சுந்தரபாய். அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. தேரடிக்குப் பக்கத்துல ஒரு மாடியில அஞ்சு மெஷினைப் போட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திட்டு இருந்தேன். வாய் கொஞ்சம் நீளம். "இவளுக்கு மாப்பிள்ளை தேடுததுக்குப் பதிலா கோர்ட்டுல வக்கீலாச் சேர்த்து விட்டிருக்கலாம்"னு எங்கம்மையே சொல்லுவா. இங்கிலீஷ்ல மனு அடிக்கத் தெரிஞ்சவன்னு பீடி சுத்துற பொம்பளைங்க என்னைப் பிடிச்சுத் தங்களோட சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிட்டாங்க. மொத்தம் பதினாலு பேரு. வாரத்துல ஒருநாள் சாயந்திரம் கிளாஸ் முடிஞ்சதும், மெஷினுக்கு எல்லாம் உறையை மாட்டிட்டு அங்கனயே கூடுவோம். மடியில முறம் மாதிரி சொளவை வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே பீடி சுத்துவாங்க. புகையிலைத் தூள் நெடியில நான் தும்முவேன், அவங்க சிரிப்பாங்க. இப்ப அந்த மாடியில செல்போன் கடை இருக்கு. அந்த வழியாப் போனா நான் நிமிர்ந்து பார்க்கதில்லை.

அந்தப் பதினாலு பேர்ல தங்கத்தாய்க்கா கதைதான் என்னைத் தூங்க விடாது. பீடிக்கடையில இலையும் தூளும் வாங்கணும்னா பாஸ் புக்கு வேணும். அது இருந்தாத்தான் முழுக்கூலி, போனஸ் எல்லாம். அக்கா பன்னெண்டு வருஷமா சுத்துன பீடிக்கு, புக்கு மட்டும் புருஷன் வேல்சாமி பேர்ல. அந்த ஆளு வாழ்நாள்ல ஒரு பீடி சுத்தினதில்லை, குடிச்சதுதான். ஏழு மாசத்துக்கு முன்னால சண்டை போட்டுக்கிட்டு இளையரசனேந்தல்ல இருக்கிற தன் அக்கா வீட்டுக்குப் போனவன், புக்கையும் கையோட கொண்டு போயிட்டான். அங்கன அவன் அக்கா அந்தப் புக்குல சுத்துதா. இங்கன தங்கத்தாய்க்கா ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு, அடுத்தவ புக்குல அரைக்கூலிக்குச் சுத்திக்கிட்டு இருந்தா. பீடிக்கடை ஏஜெண்டு பிச்சையாகிட்ட போய், "என் பேர்ல ஒரு புக்கு தாங்க அண்ணாச்சி"ன்னு கேட்டிருக்கா. "குடும்பத்துக்கு ஒரு புக்குதான். புருஷனைக் கூட்டிட்டு வா, பேசுவோம்"னு விரட்டிட்டாரு. மூத்த பிள்ளை ஏழாம் வகுப்பு. வர்ற ஜூன்ல அதையும் பள்ளிக்கூடத்தை விட்டு நிப்பாட்டி, பக்கத்துல உக்கார வைக்கதைத் தவிர வழி இல்லைன்னு அக்கா சொன்னா.

புக்கு அக்கா பேர்ல வரணும்னா திருநெல்வேலியில போய் வழக்குப் போடணும். அதுக்கு வக்கீல் வேணும், பஸ்ஸுக்குக் காசு வேணும், போற அன்னைக்குக் கூலியும் போகும். அப்பதான் ஒரு பத்திரிகையில பார்த்தேன். மெட்ராஸ்ல பெண்கள் உரிமைக்குன்னே ஒரு நிதி இருக்காம். இந்த மாதிரி சங்கங்களுக்குப் பணம் குடுக்காங்களாம், திருப்பித் தர வேண்டாமாம். எங்க சங்கத்துக் கதீஜம்மாள் நம்பவே இல்லை. "திருப்பிக் கேக்காத பணம் எந்த ஊர்ல மக்கா காய்க்குது?"ன்னா. நான் விடலை, தங்கத்தாய்க்கா கதையை முழுசா எழுதி மனு அடிச்சுப் போட்டேன். ஒரே மாசத்துல பதில் வந்துட்டு. நேர்ல பார்க்க ஆள் வருதாம்.

முதல்ல சொன்னேனே முட்டாள்தனம், அந்தக் கோட்டித்தனம் இங்கதான். "மெட்ராஸ்ல இருந்து பெரிய மனுஷி வாரா. பரதேசிக் கூட்டம் மாதிரி வந்து நின்னு ஊர் மானத்தை வாங்கிராதீங்க. நல்லா உடுத்திட்டு வாங்க"ன்னு உத்தரவு போட்டுட்டேன். சும்மாவே நம்ம ஊர்ல விருந்தாள் வந்தா, இல்லாதவகூட இரவல் வாங்கியாவது காதுல கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் வாசல்ல வந்து நிப்பா. இதுல நான் வேற ஏத்திவிட்டா கேக்கணுமா?

அன்னைக்கு அந்த மாடியைப் பார்த்திருக்கணும். கல்யாண வீடு தோத்துப் போகும்! பதினாலு பேரும் பட்டுச் சேலை, சங்கிலி, தலை நிறையப் பூவு. கதீஜம்மாள் நெய்ச்சோறும் கறி ஆணமும் ஆக்கிக் கொண்டாந்துட்டா. தங்கத்தாய்க்கா கழுத்துல எங்கம்மை ரெட்டைவடச் சங்கிலியை நானே மாட்டிவிட்டேன்.

வந்த அம்மாவோ, சாதாரணக் கைத்தறிச் சேலை, ரப்பர் செருப்பு. கழுத்துல குந்துமணித் தங்கம் கிடையாது. கதீஜம்மாள் என் காதுகிட்ட வந்து, "பாவம் டீச்சர், நம்மளவிடக் கஷ்டப்படுதா போல. போகும்போது ஒரு சேலை எடுத்துக் குடுத்து அனுப்புவமா?"ன்னு கேட்டா.

"உங்களுக்கு என்ன கஷ்டம்? கூச்சப்படாம சொல்லுங்க"ன்னு அந்தம்மா தன்மையாத்தான் கேட்டாங்க. ஒருத்தி வாயைத் திறக்கணுமே! "ஒரு குறையும் இல்லம்மா, ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கோம். இன்னும் ரெண்டு கரண்டி சோறு வச்சுக்கோங்க." தங்கத்தாய்க்காகிட்ட, "உங்க வீட்டுக்காரர் எங்கே?"ன்னு கேட்டாங்க. "வேலையா வெளியூர் போயிருக்காரும்மா"ன்னுட்டா. நான் முழங்கையால இடிச்சுப் பார்த்தேன், அசையலை. வந்த விருந்தாள் கை நனைச்சுக்கிட்டு இருக்கும்போது வீட்டு அழுக்கை எடுத்து விரிக்கது எப்படின்னு அவளுக்கு. நானாவது சொல்லியிருக்கலாம். அவ மானம், அவளே பேசட்டும்னு பேசாம இருந்துட்டேன். வேண்டாத நேரத்துல எல்லாம் நீளுற வாயி, வேண்டிய நேரத்துல ஒட்டிக்கிட்டு!

மூணாவது வாரம் கடுதாசி வந்துட்டு. "உங்கள் உறுப்பினர்கள் வசதியாகவும் மனநிறைவோடும் வாழ்வதைக் கண்டு மகிழ்ச்சி. மனுவில் எழுதியிருந்ததற்கும் நேரில் கண்டதற்கும் பொருத்தம் இல்லை. எங்கள் நிதி நலிந்த பெண்களுக்கானது." நெய்ச்சோற்றுக்கு நன்றி வேற.

எனக்கு வந்ததே ஆத்திரம்! அன்னைக்குச் சாயந்திரமே எல்லாரையும் கூட்டி வாசிச்சுக் காட்டினேன். "நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம்னீங்களே, இப்ப நல்லா இருங்க!"ன்னு கத்தினேன். நான்தான் உடுத்திட்டு வரச் சொன்னேங்கதை ஒருத்தியும் சொல்லிக் காட்டலை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டுது.

"சரி, உள்ளதை எழுதிப் போடுதேன். போட்டிருந்தது அம்புட்டும் இரவல்னு அடிச்சிருதேன்"னேன்.

பீடி சுத்துற கை எல்லாம் நின்னுபோச்சு. இன்பம்னு ஒருத்தி மட்டும் மெதுவா, "அப்படி மட்டும் செஞ்சிராதீங்க டீச்சர். இரவல் நகைன்னு எழுத்துல குடுத்தா, நாளைக்கு எம்பிள்ளையை எவன் கட்டுவான்?"ன்னா. அவ சொன்னதுலயும் நியாயம் இருந்துது.

தங்கத்தாய்க்கா சொளவைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சா. "என் மானம் ஒம்பது பத்து மாசத்துக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போயிட்டு. எம்பிள்ளை படிப்பும் போகணுமாக்கும்? எழுதுங்க டீச்சர். சங்கிலி உங்கம்மையோடது. சேலை எங்க மைனியோடது. கம்மல் அடுத்த வீட்டுல வாங்கினது. என்னோடதுன்னு இருந்தது உள்பாவாடை ஒண்ணுதான், அதுவும் கிழிசல்."

சிரிக்கவா அழவான்னு தெரியாம நான் மெஷின் உறையைக் கழட்டினேன். அதுக்குள்ள கதீஜம்மாள், "என் வளையலு கவரிங்கு. ஆறு மாசம் கேரண்டின்னான், நாலு மாசத்துல பல்லை இளிச்சிட்டு"ன்னா. அவ்வளவுதான், மாடியே கொல்லுன்னு சிரிச்சுது. ஒவ்வொருத்தியா வந்து சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். பார்த்தா, இன்பம் போட்டிருந்த அட்டியல் அவ பக்கத்துல உக்காந்திருந்த ரசீதாவோடது, ரசீதா கட்டியிருந்த பட்டு இன்பத்தோடது! கடைசியில என்னைப் பார்த்தாங்க. "அன்னைக்கு என் கையில கிடந்த வாட்ச் ஓடி மூணு வருஷம் ஆச்சு"ன்னு என் பங்குக்கு நானும் அடிச்சேன். பதினாலு பேர்ல அஞ்சு கையெழுத்து, ஒம்பது கைரேகை. இன்பமும் வச்சா.

பணம் வந்துட்டு. கூடவே அந்தம்மா கைப்பட ஒரு சீட்டு: "நான் உங்கள் கழுத்தைப் பார்த்துவிட்டேன், கையைப் பார்க்கவில்லை. மன்னியுங்கள்." அதை வாசிச்சதும் கதீஜம்மாள் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அப்படி ஒரு பெரிய மனசை அதுக்கப்புறம் எந்த ஆபீஸ் கடுதாசியிலயும் நான் பார்க்கலை.

வழக்கு பதினோரு மாசம் இழுத்துது. எத்தனை வாய்தா, எத்தனை பஸ்! மூத்தவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிப்பாட்டலை. கடைசியில வேல்சாமி பேர்ல இருந்த புக்கு செல்லாதுன்னு ஆச்சு. தங்கத்தாய்னு பேர் போட்டுப் புதுப் புக்கைப் பிச்சையா தன் கையாலயே எடுத்துக் குடுத்தாரு.

மூணாம் நாளு நாங்க மாடியில கூடியிருக்கும்போது வேல்சாமி துணிப் பையோட வந்து நின்னான். "நடந்தது நடந்து போச்சு. பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போவோம். புக்கு எங்க? ஆம்பளை கையில இருந்தாத்தான் அதுக்கு ஒரு மரியாதை"ன்னான்.

"விரட்டுங்கக்கா அவனை!"ன்னு நான் கத்தினேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. கையில இருந்த பீடியைச் சுத்தி, முனையை மடக்கி, நூலைக் கட்டிப் போட்டுட்டு, நகர்ந்து அவனுக்கு இடம் விட்டா. எனக்கு உயிரே போயிட்டு. இம்புட்டுப் பாடும் இதுக்குத்தானான்னு நினைச்சேன்.

அக்கா கத்திரியையும் ஒரு கட்டு இலையையும் அவன் முன்னால தள்ளினா. "வந்தவரைப் போன்னு சொல்லலை. உக்காருங்க. பன்னெண்டு வருஷம் கூலி வாங்குனீங்க, இனி வேலையைப் படிங்க. புக்கு எங்கிட்டதான் இருக்கும்"னா.

பதினாலு பொம்பளைங்க பார்த்துக்கிட்டு இருக்கோம். அவன் பையைக் கீழ வச்சுட்டு உக்காந்து இலையை வெட்டினான். வெட்டினது ஒண்ணுகூட அளவுக்கு இல்லை. அக்கா ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்து, அம்புட்டையும் கழிச்சுத் தள்ளிட்டா.