ஜன்னலோரப் படுக்கை

பூட்டுக்கடைக்காரர் பேரம் பேசாமல் ஏற்றுக்கொண்டவை வாழ்க்கையில் இரண்டே இரண்டு: ஒன்று பிறந்த தேதி, இன்னொன்று வீட்டம்மாவின் சொல். பிறந்த தேதியில்கூட, பள்ளியில் சேர்க்கும்போது அவருடைய அப்பா ஆறு மாதம் தள்ளுபடி வாங்கிவிட்டார். வீட்டம்மாவின் சொல்லில்தான் இன்றுவரை இம்மியும் குறைந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் வக்கீலம்மாவின் அறையில், ஆடுகிற நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, ஒரே தாளை நாலாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"தங்கம் சார் அந்தத் தாளு!" என்றார் எதிரே இருந்த வக்கீலம்மா. "ஏழு மாசமா கேட்டுக்கேட்டு, கோர்ட்டு உத்தரவு வாங்கி எடுத்தது. இனிமே ஆஸ்பத்திரி தப்பிக்கவே முடியாது."

ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போட்டது வீட்டம்மாவுக்காக. ஒரு வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாலையே ஸ்கேன் எடுத்தாயிற்று. சனிக்கிழமை முழுவதும் "ரிப்போர்ட் வரல, வரட்டும்" என்ற பதிலிலேயே கழிந்தது. வெறும் வாயுவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஞாயிறு நண்பகலில் ஒரு சிஸ்டர் ஓடிவந்தார். யாரையும் கேட்காமல் கட்டிலோடு வீட்டம்மாவைத் தள்ளிக்கொண்டு அறுவை அரங்குக்குப் போனார். போகிற வழியிலேயே வீட்டிலிருந்த சர்ஜனைப் போனில் கூப்பிட்டு, "சாப்பாட்டை அப்படியே வெச்சிட்டு வாங்க டாக்டர்" என்றார். அதற்குள் குடல்வால் வெடித்திருந்தது. இரண்டு ஆபரேஷன், முப்பத்தொரு நாள் படுக்கை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்று அந்த சர்ஜனே சொன்னார்.

ரிப்போர்ட் எங்கே போயிருந்தது என்று கேட்டதற்கு ஆஸ்பத்திரி ஏழு மாதமாக வாயைத் திறக்கவில்லை. இப்போது சிஸ்டரின் கையெழுத்தில் அது தாளில் இருந்தது:

'ஸ்கேன் முடிவு வார்டுக்கு வந்தது சனி காலை ஒன்பது. 14ஆம் எண் பெட்டியில் வைக்கப்பட்டது. நான் விடுப்பு முடிந்து வந்து பார்த்தது ஞாயிறு பகல் பன்னிரண்டு. நோயாளியை வெள்ளி மாலை, உறவினர் கேட்டுக்கொண்டதால், 14லிருந்து 9ஆம் படுக்கைக்கு மாற்றியது நான். எண் மாறியதை ஸ்கேன் அறைக்குச் சொல்ல மறந்ததும் நான்.'

"தன் தப்பைத் தானே எழுதி வெச்சிருக்காங்க. இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றார் வக்கீலம்மா. "மேலிடத்துல மாத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. மாட்டேன்னுட்டாங்களாம். இப்ப ஆஸ்பத்திரி இறங்கி வந்திருக்கு. நல்ல தொகை தர்றாங்க. தவறு செஞ்ச ஊழியரை வேலையை விட்டு நீக்கிட்டோம்னு லெட்டரும் தர்றாங்களாம்."

"யாரை?"

"சிஸ்டரைத்தான்."

பூட்டுக்கடைக்காரரின் கண் 'உறவினர் கேட்டுக்கொண்டதால்' என்ற இடத்திலேயே நின்றது. அந்த உறவினர் யார் என்று வக்கீலம்மாவுக்குத் தெரியாது. வழக்குப் போடும்போது படுக்கை மாறிய கதையை அவர் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அது சொல்லவேண்டிய சங்கதி என்றே தோன்றவில்லை. வாங்கிய சாமானுக்கு வாசலில் என்ன பேசினோம் என்பதை யார் வீட்டில் வந்து சொல்கிறார்கள்?

இப்போது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது.

"ஜன்னல் பக்கம் ஒண்ணு சும்மாதானே கிடக்குது சிஸ்டர்?"

"மாத்தக் கூடாதுங்க. ஸ்கேனுக்குச் சீட்டு போயாச்சு. அதுல பதினாலுன்னு இருக்கு."

"கூடாதுன்னா முடியாதுன்னு அர்த்தமில்லையே! வெக்கையில உங்க அக்கா வாடிப் போறாங்க பாருங்க. அக்கான்னுதானே கூப்பிட்டீங்க?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். எதிராளி சிரித்துவிட்டால் பேரம் படிந்த மாதிரி. பத்தே நிமிடத்தில் வீட்டம்மா ஜன்னலோரம். வீடு திரும்பும்போது பூட்டுக்கடைக்காரர் விசில் அடித்துக்கொண்டு போனார்.

தாளைக் கீழே வைத்தபோது அவர் கண்ணில் தன் கடைதான் நின்றது. அவர் கடையில் சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள்: தாழ்ப்பாள், கீல், திருகு, கொக்கி என்று நானூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு சீட்டு. கடையில் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் ஒரே பாடம்: பெட்டி நகர்ந்தால் சீட்டும் கூடவே நகரணும். இந்தப் பாடத்தை மறந்ததற்காக அவர் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். கடைசியில், தன் பெண்டாட்டியையே சீட்டில்லாமல் நகர்த்திய ஆள் அவர்தான்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார். வீட்டம்மா கட்டிலில் சாய்ந்தபடி துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆக, என்னைக் கொல்லப் பார்த்தது நீங்க. அதுவும் ஓசியில."

"விளையாடாதம்மா. வயிறு கலங்குது."

"கலங்குறதுக்கு உங்களுக்கு முழு வயிறு இருக்கு, கலங்கட்டும். என்னுது தச்ச வயிறு." மடித்த துண்டை ஓரமாக வைத்தார். "ஜன்னல் கேட்டது நீங்க. கொடுத்தது அந்தப் பொண்ணு. படுத்துக் காத்து வாங்கினது நான். என்னை விட்டுட்டீங்களே? சரி, ஒண்ணு சொல்லுங்க. சனிக்கிழமை ரிப்போர்ட் என்னாச்சுன்னு நீங்க எத்தனை தரம் கேட்டீங்க?"

"மூணு தரம். காலையில, மத்தியானம், சாயங்காலம். 'ஒம்பதாம் பெட்டி காலியா இருக்கு, வரல'ன்னாங்க."

"கீழ ஸ்கேன் ரூமுக்கு ஒரு போன் போட்டாங்களா?"

"போடல."

"மறந்தது ஒரு ஆளு. அது மனுஷ சுபாவம். கேட்டும் போனைத் தொடாதது எத்தனை ஆளு? ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு வேற எண்ணுப் பெட்டியில என் பேரைப் பார்த்தா. பேசாம ஒம்பதாம் பெட்டிக்கு மாத்திப் போட்டிருந்தா, யாருக்குத் தெரியும்? தன் வேலை போகும்னு தெரிஞ்சே எழுதி வெச்சா. என்னைத் தள்ளிக்கிட்டு ஓடினப்போ அவ செருப்புல ஒண்ணு வழியிலயே கழண்டு போச்சுங்க. திரும்பிக்கூடப் பார்க்கல. நான் மல்லாந்து கிடந்தேன், அவ மூஞ்சி ஒண்ணுதான் தெரிஞ்சுது. 'அக்கா, என்னையே பாருங்க, என்னையே பாருங்க'ன்னா. பார்த்துக்கிட்டே போனேன், இருக்கேன்." இன்னொரு துண்டை எடுத்து உதறினார். "அவ வேலையைத் தின்னுட்டு வர்ற காசு எனக்குச் செரிக்காது. ஏற்கெனவே குடல் சரியில்ல."

மறுவாரம் சமரசப் பேச்சு. கோர்ட்டுக் கட்டடத்தின் பின்னால் நீள மேசை போட்ட ஒரு அறை. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி. இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட சிரிப்பு. இந்தப் பக்கம் வக்கீலம்மா, பூட்டுக்கடைக்காரர், வீட்டம்மா. சிஸ்டரை வரச்சொல்லி வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே வரும்போது வீட்டம்மா அவர் தோளைத் தொட்டார். சிஸ்டர் தலை நிமிரவில்லை.

அதிகாரி ஒரு கடிதத்தை நீட்டினார். 'எங்கள் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால்' என்று தொடங்கியது.

"அந்த 'ஒருவரின்' வேண்டாம்" என்றார் பூட்டுக்கடைக்காரர். "படுக்கையை மாத்தச் சொல்லிக் கெஞ்சின உறவினர் நான்தான்."

மேசைக்கு அடியில் வக்கீலம்மா அவர் காலை மிதித்தார். அழுத்தமான மிதி.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா தவறுல உங்களுக்கும் பங்கு இருக்கு. தொகையைக் குறைச்சுத்தான் பேசணும்."

"குறைங்க" என்றார் வீட்டம்மா.

அறையே ஒரு கணம் அவரைப் பார்த்தது. பூட்டுக்கடைக்காரரின் பரம்பரையில் இந்தச் சொல்லைப் பணம் வாங்குகிற பக்கமிருந்து யாரும் சொன்னதில்லை.

"என் ஆஸ்பத்திரிச் செலவும் வக்கீலம்மா ஃபீஸும் வந்தா போதும். மிச்சத்துக்குப் பதிலா லெட்டர்ல நாலு வரி எழுதுங்க. ரிப்போர்ட் இருபத்தேழு மணி நேரம் வார்டுலயே கிடந்துச்சு. இவர் மூணு தரம் கேட்டும் யாரும் கீழ போன் போடல. கண்டுபிடிச்சு என்னைக் காப்பாத்தினது இந்த சிஸ்டர். அவங்க மேல எந்த நடவடிக்கையும் கிடையாது."

"இன்னொண்ணு" என்றார் பூட்டுக்கடைக்காரர். "பெட்டியில வெறும் எண்ணு போடாதீங்க, பேரையும் போடுங்க. வர்ற நோயாளி கையிலயும் பேர்ச் சீட்டு கட்டுங்க. என் கடையில ஒண்ணரை அங்குல ஆணிக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கும் இருக்கட்டும்."

"பேர்ச் சீட்டு சரி. போன் போடலங்கிற வரி, சிஸ்டர் விஷயம்... அதெல்லாம் எங்க உள்விவகாரம்."

"அப்ப கோர்ட்டுலயே பார்த்துக்கலாம்" என்று வக்கீலம்மா தாள்களைத் தட்டி அடுக்கினார். மிதித்த கால் இப்போது கட்சி மாறியிருந்தது. "அந்த சிஸ்டர் கூண்டுல ஏறினா உண்மையைத்தான் சொல்வாங்க. யார் மாத்தி எழுதச் சொன்னாங்கன்னும் சொல்வாங்க. அது உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்னு யோசிச்சுக்குங்க."

பூட்டுக்கடைக்காரர் எழுந்தார். எழுந்து போகிறவனைத்தான் வியாபாரி கூப்பிடுவான். ஆனால் வேகமாகப் போனால் கூப்பிடுவதற்குள் தெரு தாண்டிவிடும். மெதுவாகப் போனால் நடிப்பு தெரிந்துவிடும். நாற்பது வருஷம் கல்லாவில் நின்று பார்த்த நடை அவருக்கு அத்துப்படி. வீட்டம்மா மெதுவாக நடந்தார், தழும்பு நிஜமாகவே இழுத்தது. பூட்டுக்கடைக்காரர் அந்த நடைக்கு அளவாக நடந்தார், அது தொழில். கதவுப் பிடியில் கை வைத்தார். கூப்பிடாவிட்டால்? வெளியே அந்தப் பெஞ்சைக் கடந்துதான் போயாக வேண்டும். பிடியைத் திருகினார். கதவு ஒரு சாண் திறந்தது.

"ஐயா, உட்காருங்க" என்றார் அதிகாரி. "அந்த போன் வரியைக் கொஞ்சம் மென்மையா எழுதலாமா?"

கதவின் இடுக்கு வழியாக சிஸ்டரின் முகம் தெரிந்தது. கடைசி இரண்டு வாக்கியமும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"மென்மையா எழுதுங்க" என்றார் பூட்டுக்கடைக்காரர். "ஆனா எழுதுங்க."

ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில் சிஸ்டர் கடைக்கு வந்தார். வார்டு லாக்கருக்கு ஒரு பூட்டு வேண்டுமாம். பூட்டுக்கடைக்காரர் இருப்பதிலேயே நல்ல பூட்டை எடுத்து, துடைத்து, சாவியைப் போட்டு இரண்டு முறை திறந்து மூடிக் காட்டினார்.

"எவ்வளவுங்க?"

"காசெல்லாம் எதுக்கு சிஸ்டர்?"

"ஓசியில வாங்கக் கூடாதுங்க. ஆஸ்பத்திரி ரூல்."

அந்தக் 'கூடாது'வை அவர் இந்த முறை தொடவில்லை. பழக்கதோஷத்தில் வாய் வழக்கமான விலையைச் சொல்லிவிட்டது. குறைத்துக் கேட்பதற்காகவே வைத்திருக்கும் விலை. சிஸ்டர் "சரிங்க" என்று பையைத் திறந்தார்.

பூட்டுக்கடைக்காரர் பதறினார். "ஐயோ, என்ன சிஸ்டர்! பாதியாக் கேளுங்க. கேட்டாத்தானே நான் குறைக்க முடியும்!"

"எனக்கு அதெல்லாம் வராதுங்க."

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பெட்டிகளுக்குப் புதுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த வீட்டம்மா தலையை நீட்டினார்.

"அது ஜன்னல் படுக்கையைக் கொடுத்தன்னிக்கே தெரியலையாக்கும் உங்களுக்கு? வாம்மா உள்ள. அந்தச் செருப்பு அப்புறம் கிடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல."

"கிடைக்கலக்கா" என்று சிரித்தபடி சிஸ்டர் உள்ளே போனார். பூட்டுக்கடைக்காரர் கல்லாவில் நின்று, தமக்குத் தாமே பேரம் பேசி, பூட்டின் விலையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார். அவ்வளவு சுலபமாக அவர் யாரிடமும் தோற்றதில்லை.