முத்துவடிவின் கூரையை எரிக்காத கதை

1

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளலாம், இங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கொதிக்கிற எண்ணெயும் நெருப்பும் ஒரு விண்ணப்ப ஃபாரமும் உள்ள கதை ஒன்று சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு உண்மை: நான் கதை தேடிப் போகவில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கத்தான் குற்றாலம் போனேன்.

ஐந்தருவிக்குப் போகிற பாதையில் வரிசையாகச் சீசன் கடைகள் போடுவார்கள். வைகாசி கடைசி. அருவியில் இன்னும் தண்ணீர் விழவில்லை, காற்று மட்டும் குளிர ஆரம்பித்திருந்தது. நான் வழக்கமாக வாங்குகிற கடைக்காரி சட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தன் கடையின் கீற்றுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கூரையில என்னம்மா, பாம்பா?”

“பாம்புன்னா அடிச்சிருப்பேன் பெரியம்மா. இன்சூரன்சுக்காரன் இந்தக் கூரைக்கு வெல போட்டிருக்கான்.”

கதை அங்கே என்னைப் பிடித்துக்கொண்டது. அவள் பெயரை மாற்றி முத்துவடிவு என்று வைத்திருக்கிறேன். மற்றதில் பாதி நான் சேர்த்தது. எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே மறந்துவிட்டது.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முத்துவடிவு ஒரு ஏழை. பாவம், அவளுக்கு…

[நிறுத்திவிட்டேன். இதை அவளிடம் படித்துக் காட்டினால் சிப்ஸ் அரிக்கிற கண்கரண்டியோடு வருவாள். சீசனில் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவள். அவள் சரக்கெல்லாம் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான்.]

காப்பீடு என்பது யாதெனில், பலர் போடும் சிறு பணம் ஒருவருடைய பெரும் இழப்பை…

[இது பாடம். நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.]

நாறும்பூநாதன் கடையைப் போட்டோ எடுக்க ஃபோனை நீட்டினான்.

இது ஓடும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

நாறும்பூநாதன் தென்காசியில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். போன சீசனில் முத்துவடிவுக்கு எதிர்க்கடை தீப்பிடித்து அரைமணி நேரத்தில் சாம்பலானது. அந்தக் கடைக்காரர் இந்த வருஷம் கடை போடவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து இவளுக்குப் பயம். அதனால் இவளே அவனைக் கூப்பிட்டாள். மூவாயிரத்து அறுநூறு ஆகும் என்று சொல்லியிருந்தான். கடையை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அவன் வந்தபோது அவள் புது எண்ணெயைச் சோதிக்க ஒரு ஈடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“யக்கா, கடை முழுசாத் தெரியுத மாதிரி ஒண்ணு எடுத்துக்கிடுதேன்.”

“இருலே. சும்மா நிக்க கடையப் போயா எடுப்ப?”

(இங்கே ஒரு குறிப்பு. சிப்ஸ் பாதி வெந்ததும் கொதிக்கிற எண்ணெயில் உப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். எண்ணெய் சீறிக்கொண்டு பொங்கும். வெளியூர்க்காரர்கள் கத்திக்கொண்டு பின்னால் போவார்கள், போய் நின்று வீடியோ எடுப்பார்கள். கேமரா தெரிந்தால் ஒரு கை கூடவே ஊற்றுவது அந்த வரிசைக் கடைகளின் வழக்கம். எந்தக் கடையில் அதிகம் பொங்குகிறதோ அங்கேதான் கூட்டம்.)

முத்துவடிவு முகத்தைத் துடைத்து, முந்தானையைச் செருகி, கரண்டியை வைத்துவிட்டுச் சொம்பையே எடுத்தாள். ஊற்றினாள். சட்டி பொங்கி, அடுப்புத் தீ பக்கவாட்டில் ஒரு முழம் எழுந்தது. அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“படம் விழுந்துட்டா? இன்னொருவாட்டி ஊத்தட்டா?”

“போதும்க்கா. பேண்ட்ல தெறிச்சிட்டு.”

4

இரண்டு நாள் கழித்து ஃபோன்.

“யக்கா, மூவாயிரத்து அறுநூறுன்னு சொன்னேம்லா. இப்ப ஐயாயிரத்து நானூறு ஆயிட்டு.”

“ஏம்லே? ரெண்டு நாளைல என் கடை வளந்துட்டா?”

“மேல உள்ளவுக போட்டோவப் பாத்துட்டாவ. தீ கீத்து வரைக்கும் போவுதேங்காவ.”

“அது நீ எடுக்கியேன்னுல்லா பொங்க விட்டேன்!”

“அதையும் எழுதிக் கேட்டேன். போட்டோவுக்காகப் பொங்க விடுத கடைன்னு ஃபாரத்துல கட்டம் இல்லையாம்.”

மறுநாள் அவனை நேரில் வரச்சொன்னாள். சொன்னபடி வந்தான். அவர்கள் பேசியதை இடையில் புகாமல் தருகிறேன்.

“தென்காசில பேக்கரி வெச்சிருக்காருல்லா பீர் மைதீன் பாய், அவரு கடைக்கு எவ்வளவு கட்டுதாரு?”

“அறநூறு.”

“சரக்கு?”

“ஒங்களுது மாதிரிதான், ரெண்டு லட்சம். ஆனா அவருக்கு மேல காங்கிரீட்டு.”

“நானும் காங்கிரீட்டு போட்டுட்டா?”

“அறநூறுதான்.”

“போட்டா குத்தகைக்கு விட்டவுக எடத்தக் காலி பண்ணச் சொல்லுவாவ. குத்தகைச் சீட்டுலயே இருக்கு, சீசன் முடிஞ்சா பிரிச்சுரணும்னு.”

“அது அவுக சட்டம்க்கா. இது எங்க கணக்கு.”

“ரெண்டுக்கும் நடுவுல நிக்கது நான்லா? சரி, அடுப்புக்கு மேல மட்டும் தகரம் அடிச்சா?”

“நல்லதுதான், தீ ஏறாது. ஆனா பாதி தகரம் பாதி கீத்துன்னா ஃபாரத்துல கீத்துதான். ரேட்டு கொறையாது.”

“போன வருசம் ஒங்க கம்பெனிக்கு லாபமாலே?”

“நல்ல லாபம். எங்களுக்கு ஆளுக்கொரு சுவர்க்கடியாரம் தந்தாவ.”

“ஓடுதா?”

“ஓடுது.”

“ஓடும். எங்க கீத்துக் காசுல்லா.”

5

ஒரு குழப்பம். இந்த நாறும்பூநாதனை வில்லனாக வைக்கலாம் என்று நினைத்து, ஒரு மீசையும் தங்கச் சங்கிலியும் கொடுத்து எழுதினேன். சங்கிலி நிற்கவில்லை. அவன் பஸ்ஸில் வந்து போகிறவன். அவனுடைய சொந்த ஆயுள் பாலிசியே தவணை கட்டாமல் நின்றுபோயிருக்கிறது. சங்கிலியை எடுத்துவிட்டேன். மீசை இருக்கட்டும், பாவம்.

கம்பெனி பொய் சொல்கிறதா என்றால், அதுவும் இல்லை. கீற்று சீக்கிரம் பிடிக்கும், காங்கிரீட் பிடிக்காது. இது எனக்கும் தெரியும், தீக்கும் தெரியும். ஆபத்து கூடினால் விலை கூடும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முத்துவடிவு அந்த ஆபத்தை ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல கூரை போட ஒருவர் விடமாட்டேன் என்கிறார், நல்ல கூரை இல்லை என்று இன்னொருவர் ஒன்பது மடங்கு கேட்கிறார். அவள் புத்தியாகத் தகரம் அடித்தாலும் அதைப் பார்க்க ஃபாரத்துக்குக் கண் இல்லை. குறைவாக உள்ளவளிடம் அதிகம் வாங்கி, மிஞ்சியதை லாபம் என்று எழுதிக்கொள்கிற கணக்கு எப்படிச் சரியாகும்? கூட்டல் சரியாகத்தான் இருக்கும். நான் கேட்பது…

[கட்டுரை ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். பாயைக் கூப்பிடுகிறேன், அவர் வந்தால் கலகலப்பாகிவிடும்.]

6

பீர் மைதீன் இருபது வருஷம் முத்துவடிவுக்குப் பக்கத்துக் கடை. இப்போது தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் பேக்கரி வைத்திருக்கிறார். அவள் நேராகப் போய்க் கேட்டாள்.

“பாய், ஏஜெண்டு கணக்குப்படி எல்லாருக்கும் ஒரே ரேட்டுன்னு வெச்சா ஆளுக்கு ஆயிரம்தான் வருமாம். நீங்க நானூறு கூடக் கட்டுவீங்களா?”

“ஒனக்காவ கட்டுவேன் வடிவு. ஆனா என் பக்கத்துக் கடைக்காரன் கட்டமாட்டான். கொறச்சலா கேக்க வேற கம்பெனிக்குப் போயிருவான். அவன் பின்னால அடுத்தவன் போவான். கடைசில நானும் நீயும் மட்டும் நிப்போம், ஆயிரம் ரெண்டாயிரம் ஆவும். அப்ப நானும் ஓடிருவேன், அதையும் இப்பவே சொல்லிருதேன்.”

“நல்லா இருக்கே ஒங்க பாசம்!”

“பொய் சொல்லி அனுப்பவா? ஒரு பன் தின்னுட்டுப் போ.”

தின்றுவிட்டுத்தான் போனாள். (நல்ல பன். நானும் அங்கேதான் வாங்குவேன்.)

7

இப்போது முடிவுக்கு வந்துவிட்டோம். முத்துவடிவின் கையில் ஐயாயிரத்து நானூறுதான் இருக்கிறது. அதற்குப் பாலிசி எடுக்கலாம். அல்லது அடுப்புக்கு மேலே தகரம் அடிக்கலாம், அதற்கும் சரியாக அதே பணம்தான். இரண்டும் முடியாது. திங்கள்கிழமை கடை திறக்க வேண்டும்.

முடிவு அ: பாலிசி எடுக்கிறாள். கடை எரிகிறது. பணம் வருகிறது. கம்பெனிக்கு நான் இலவசமாக விளம்பரம் எழுதிக் கொடுத்ததாகிறது.

முடிவு ஆ: தகரம் அடிக்கிறாள். தீ வேறு பக்கத்திலிருந்து வருகிறது. எல்லாம் போகிறது. நீங்கள் அழுகிறீர்கள். எனக்கு நல்ல பெயர்.

முடிவு இ: பாலிசி எடுக்கிறாள். தீயே வரவில்லை. மறுவருஷம் “காசு போச்சே” என்று…

இங்கே பேனா நின்றது. எரித்தாலும் எரிக்காவிட்டாலும், எல்லா முடிவிலும் தீப்பெட்டியோடு அவள் கடை வாசலிலேயே நிற்கிறேன். பாயின் பேக்கரியில் பெரிய அடுப்பு இருக்கிறது, ஆனால் அதை எரிக்க எனக்கு ஒருதரம்கூடத் தோன்றவில்லை. காங்கிரீட்டைப் பார்த்ததும் என் கையும் தானாக விலகியிருக்கிறது. கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே நானும் அவன் கணக்கைத்தான் போட்டிருக்கிறேன்.

8

அப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போது முத்துவடிவே காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“பெரியம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். என் கடை எரியுமா எரியாதா? எழுதுதவுகளுக்குத் தெரியும்லா. எரியும்னா பாலிசி எடுக்கேன், எரியாதுன்னா தகரம் வாங்குதேன்.”

“எரிக்க மாட்டேன்மா. தீப்பெட்டியக் கீழ போட்டுட்டேன்.”

“நீங்க போட்டுட்டிய. தீ போட்டுட்டா?”

நான் பேனாவை மூடி வைத்தேன். அவள் விடவில்லை.

“நீங்க எரிக்காம விட்டா இது கதையே இல்லம்பாவளே?”

“சொல்லட்டும்.”

“அப்ப எனக்கு முடிவு?”

“என்னைவிட உன் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் கேட்கிறேன்” என்றேன். பேச்சுத் தமிழைக்கூட மறந்து, எழுத்துத் தமிழில் சொன்னேன். அவ்வளவு வெட்கம்.

9

அதனால் உங்களிடம் கேட்கிறேன், கண்ணுகளா. அவளைப் போலப் பிரீமியம் கட்டுகிறவர்கள் நீங்கள், அந்தக் கணக்கில் என்னைவிட நீங்கள்தான் அவள் கடைக்குப் பக்கம். இன்று திங்கள்கிழமை காலை. பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முத்துவடிவு பாதையில் நிற்கிறாள். ஒரு பக்கம் நாறும்பூநாதன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். மறுபக்கம் தகரக் கடைக்காரர் கதவைத் திறக்கிறார். எந்தப் பக்கம் அனுப்புகிறீர்கள்?

சொல்வதற்கு முன்னால் உங்கள் தலைக்கு மேலே ஒருதரம் பாருங்கள். காங்கிரீட்டா? அப்படியானால் தன் பாலிசி ஆயிரத்துக்கு இறங்க, பாயிடம் அவள் கேட்ட நானூறை உங்களிடமும் கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரர் கட்டாவிட்டாலும் நீங்கள் கட்டுவீர்களா? அந்தப் பதில் தெரிந்தால்தான் அவள் எந்தப் பக்கம் போவாள் என்று எழுத முடியும். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்:

…………………………

எழுதினாலும் சரி, எழுதாமல் எழுந்து போனாலும் சரி, உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு அடுப்பு அடுப்பிலேயே எரியட்டும். பிள்ளைகள் நோயில்லாமல் வளரட்டும், வண்டியில் போனவர்கள் நேரத்துக்கு வீடு திரும்பட்டும். நீங்கள் கட்டுகிற பிரீமியம் எல்லாம் ஒரு பைசா திரும்பி வராமல் வருஷா வருஷம் வீணாகவே போகட்டும். உங்களைவிட அதிகமாகக் கட்டுகிறவளுக்கும் அப்படியே ஆகட்டும்.